ஸ்காலர்ஷிப் பைசா எந்தக் கணக்கில் ஏறும்? குமரி மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணுக்குத்தான் உதவித்தொகை வரும் என்று நம்பி, மாதா மாதம் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். கூடப் படிக்கிறவளுக்குப் பைசா கேறியாச்சு, எனக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டால் துறையில் "அனுப்பியாச்சு" என்பார்கள்; வங்கியில் "வரவில்லை" என்பார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பைசா வேறொரு வங்கியில், நீங்கள் மறந்தே போன ஒரு கணக்கில் கிடக்கும். அல்லது வந்த வழியே திரும்பிப் போயிருக்கும்.

அதனால் விண்ணப்பத்தை விட்டுவிட்டு வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குகிறோம். அது சரியில்லாமல் விண்ணப்பத்தை எவ்வளவு ஒழுங்காக நிரப்பினாலும் பலனில்லை.

ஆதாரைப் பார்த்து வரும் பணம்

அரசு உதவித்தொகைகளில் பெரும்பாலானவை இப்போது ஆதார் எண் வழியாக வருகின்றன. துறை அனுப்பும் பட்டியலில் உங்கள் ஆதார் எண்ணும் தொகையும் இருக்கும். அந்த ஆதார் எந்த வங்கிக்கு உரியது என்று சொல்வது என்பிசிஐ என்னும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பதிவேடு. மேப்பர் என்பார்கள். அந்த மேப்பரில் ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான் இருக்க முடியும். கணக்கு எண் அங்கே கிடையாது. வங்கியின் அடையாள எண் மட்டுமே. பணம் அந்த வங்கிக்குப் போன பிறகு, இந்த ஆதாருக்கு எந்தக் கணக்கு என்று தன் கணினியில் பார்த்து வரவு வைப்பது வங்கியின் வேலை.

இதனால் இரண்டு சிக்கல் வரும். முதலாவது, உங்கள் பாஸ்புக் ஒரு வங்கியிலும் மேப்பர் பதிவு இன்னொரு வங்கியிலும் இருந்தால் பணம் மேப்பர் சொல்லும் வங்கிக்கே போகும். இரண்டாவது, ஒரே வங்கியில் இரண்டு கணக்கு இருந்தால் எதில் ஏறும் என்பதை அந்த வங்கியின் பதிவுதான் தீர்மானிக்கும். பள்ளியில் திறந்த பழைய கணக்கில் ஏறிக்கொண்டிருக்க, நீங்கள் கல்லூரிக்குப் பக்கத்துக் கிளையில் திறந்த புதுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

"வங்கியில் ஆதார் நகல் கொடுத்தாச்சு, லிங்க் ஆகிவிட்டது" என்பது பலர் சொல்லும் பதில். நகல் கொடுப்பது கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் யார் என்று வங்கி சரிபார்ப்பதற்காக. அப்படி நான்கு வங்கிகளில் கூடக் கொடுக்கலாம். மேப்பரில் ஏறுவதற்கு "அரசு நேரடிப் பணப் பயன்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதிக்கிறேன்" என்று தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு ஆதார் சீடிங் என்று பெயர். கவுன்டரில் கேட்கும்போது "ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "என்பிசிஐ மேப்பிங் இந்தக் கணக்குக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மேப்பிங் நமக்குத் தெரியாமலே மாறுவதும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தபால்காரர் வந்து விரல்ரேகை வைத்து அஞ்சலகப் பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு திறந்திருப்பார். கல்லூரி முதலாம் ஆண்டில் வளாகத்துக்கே வந்து ஒரு வங்கி கணக்கு திறக்கும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில் சீடிங் சம்மதத்துக்கும் ஒரு டிக் இருக்கும். பிறகு செல்போன் செயலியில் இரண்டு நிமிடத்தில் திறக்கும் கணக்கு. கடைசியாக யாருக்குச் சம்மதம் கொடுத்தீர்களோ அவர்களிடம் மேப்பிங் போய்விடும், முந்தைய வங்கி தானாக விலகிவிடும்.

பார்ப்பது எப்படி

ஆதார் ஆணையத்தின் மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போங்கள். அங்கே 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற கட்டத்தைத் தொட்டால் வங்கியின் பெயர், அது ஆக்டிவா இன்ஆக்டிவா, கடைசியாக மாறிய தேதி ஆகிய மூன்றும் வரும். வங்கிப் பெயர் சரியாக இருந்து இன்ஆக்டிவ் என்று காட்டினாலும் பணம் ஏறாது. அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கல்லூரியிலும் வங்கியிலும் வாய்ப்பேச்சை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆதாரில் பதிந்திருக்கும் செல்போன் எண் அப்பாவுடையதாக இருக்கும். அப்பா தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருப்பார், திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அல்லது வளைகுடாவில் இருப்பார், இங்கத்தைய சிம் எப்போதோ செத்திருக்கும். ஓடிபி இல்லாமல் மைஆதாரும் திறக்காது, கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் மாநில அரசின் யூமிஸ் தளத்தில் கேஒய்சியும் நடக்காது, தேசிய உதவித்தொகைத் தளமும் விடாது. ஆகவே கல்லூரியில் சேர்ந்ததும் முதல் வேலையாக ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் சொந்த எண்ணைப் பதியுங்கள். எண் மாற்ற ஆவணம் எதுவும் வேண்டாம், விரல்ரேகை போதும். ஆன்லைனில் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 15 வயதில் செய்ய வேண்டிய பயோமெட்ரிக் புதுப்பிப்பைச் செய்யாதவர்கள் அதையும் அங்கேயே முடித்துவிடுங்கள். சின்ன வயதில் எடுத்த ரேகையோடு இப்போதைய ரேகை ஒத்துப்போகாமல் கேஒய்சி தட்டிவிடும்.

மேப்பிங்கை மாற்ற இரண்டு வழி. நேராகக் கிளைக்குப் போய் சீடிங் சம்மதப் படிவம் கேட்டு நிரப்பலாம். படிவத்தில் ஏற்கெனவே வேறு வங்கியில் மேப்பிங் இருக்கிறதா என்று ஒரு கேள்வி இருக்கும். அதைக் காலியாக விடாமல் பழைய வங்கியின் பெயரை எழுதுங்கள். அது இல்லாவிட்டால் புதுப் பதிவு என்று கணக்கில் கொண்டு, கோரிக்கை நிராகரிக்கப்பட வாய்ப்பு உண்டு. இரண்டாவது வழி என்பிசிஐ இணையதளத்தில் உள்ள 'பாரத் ஆதார் சீடிங் எனேப்ளர்' பக்கம். புதிதாகச் சேர்ப்பது, ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஒரே வங்கியில் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுவது, அடியோடு நீக்குவது எல்லாம் அதில் உண்டு. எந்த வழியில் செய்தாலும் சில நாள் கழித்து மைஆதாரில் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ளுங்கள். ஒரு வாரமாகியும் மாறவில்லை என்றால் கிளையில் எழுத்து மூலம் கேட்டு, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கணக்கு உயிரோடு இருக்கிறதா

மேப்பிங் சரியாக இருந்தும் பணம் திரும்பிப் போவதற்குக் கணக்கின் நிலைமையே காரணமாக இருக்கலாம். கல்லூரி மாணவர்களிடம் அதிகம் தட்டுப்படுவது மைனர் கணக்கு. பள்ளியில் அம்மாவையோ அப்பாவையோ காப்பாளராகப் போட்டுத் திறந்த கணக்கு, உங்களுக்கு 18 வயது ஆன அன்றே மேஜர் கணக்காகத் தானாக மாறிவிடாது. புதுக் கையெழுத்து, புது ஃபோட்டோ, புது கேஒய்சி கொடுக்க வேண்டும். கொடுக்கும் வரை வங்கி வரவை மறுக்கலாம். 'வயது நிறைந்த வாடிக்கையாளரின் ஆவணங்கள் நிலுவை' என்று திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு காரணக் குறியீடு வைத்திருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது திடீரென்று பணம் நின்றுபோனால் முதலில் பிறந்த நாளைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது தூங்கும் கணக்கு. வாடிக்கையாளர் தானாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாமல் இரண்டு ஆண்டு போனால் கணக்கு செயலற்றதாகிவிடும். மாணவர் உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளுக்கு இதில் விலக்கு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதியில் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் கணக்கு அந்த வகையில் பதிவாகி இருக்கிறதா என்பது வேறு விஷயம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாயாவது எடுத்துப் போட்டு வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

முழு ஆவணம் இல்லாமல் திறக்கும் 'ஸ்மால் அக்கவுன்ட்' வகையில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறவருக்கு இது பொருட்டில்லை. இன்ஜினியரிங் கட்டணம் சேர்ந்து வருகிறவருக்கு இது தடையாகலாம். ஆதார், பான் கொடுத்து முழுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

சாதாரண சேமிப்புக் கணக்கில் ஏடிஎம் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் என்று வந்த ஆயிரத்தில் ஒரு பங்கு கரையும். அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கேட்கலாம். அதில் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, மாதம் நான்கு முறை இலவசமாகப் பணம் எடுக்கலாம். ஒரு நிபந்தனை: அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு கேட்கும் இடங்களில் பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதாதீர்கள். நம் ஊரில் வீட்டுக்கு வீடு ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் பாஸ்புக் இருந்தது. 2017 ஏப்ரல் 1 அன்று அந்த வங்கி ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. பாண்டியன் கிராம வங்கி 2019இல் தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. சிண்டிகேட் பேங்க் 2020இல் கனரா வங்கிக்குள் போனது. இவற்றின் பழைய குறியீடுகள் இன்றும் அலமாரியில் உள்ள பாஸ்புக்குகளின் முதல் பக்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. புதுப் பாஸ்புக் வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த உதவி எப்படி வரும்

எல்லா உதவியும் கைக்கு வராது என்பதை முதலில் தெரிந்துகொண்டால் வீண் காத்திருப்பு குறையும். கவுன்சலிங் மூலம் இன்ஜினியரிங் சேரும் முதல் பட்டதாரிக்கான சலுகை கல்விக் கட்டணத்தில் கழிக்கப்படுவது. அது உங்கள் கணக்கில் ஏறாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கட்டணத்தையும் அரசே கல்லூரிக்குக் கட்டுகிறது. இவற்றுக்குச் சான்றிதழைச் சேர்க்கையின்போதே கொடுத்திருக்க வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய் வரும் திட்டங்கள் இரண்டு. மாணவிகளுக்குப் புதுமைப்பெண், 2022 செப்டம்பர் 5 முதல். மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 முதல். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. புதுமைப்பெண்ணில் உதவிபெறும் பள்ளி மாணவிகளைச் சேர்த்தது 2024 டிசம்பர் 30இல்தான். மிஷன் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் இந்தத் 'தமிழ் வழி' என்ற நிபந்தனையில்தான் நிறைய பேர் தவறிவிடுகிறார்கள்: ஒரே பள்ளியில் படித்த இருவரில் தமிழ் வழிக்காரிக்குக் கிடைக்கும், ஆங்கில வழிக்காரிக்குக் கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, பிறகு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதியானவர்களே. பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ படிப்புகளுக்கு உண்டு; முதுகலைக்கும் தொலைதூரக் கல்விக்கும் கிடையாது. குடும்ப வருமான வரம்பு இல்லை. வேறு உதவித்தொகை பெறுகிறவர்களும் இதைச் சேர்த்தே பெறலாம்.

இதற்குத் தனியாக அலைய வேண்டாம், கல்லூரியே பதிகிறது. ஆனால் நீங்கள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்புப் படித்தீர்கள் என்பதைப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் பதிவோடு ஒப்பிட்டுத்தான் ஏற்கிறார்கள். நடுவில் பள்ளி மாறியவர்களுக்கு ஓர் ஆண்டு விடுபட்டுப் போயிருக்கும். எமிஸ் எண் தெரியாதவர்கள் பிளஸ் டூ படித்த பள்ளியில் கேட்டு வாங்குங்கள். விடுபட்ட வகுப்புக்குத் தலைமை ஆசிரியரிடம் படிப்புச் சான்று வாங்கிக் கல்லூரிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான) உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் இரண்டு பகுதி: கட்டாயக் கல்விக் கட்டணம், படிப்புப் படி. ஆதிதிராவிடர் திட்டத்தில் தொழிற்பட்டப் படிப்புகளுக்கு ஆண்டுக்கு விடுதியில் தங்குகிறவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போகிறவருக்கு 7,000 ரூபாய் படி. சாதாரணக் கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு 6,000, 3,000. செலவில் ஆதிதிராவிடர்களுக்கு மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம். பழங்குடியினருக்கு 75, 25. இரண்டு அரசுகளின் பங்கும் ஒரே நாளில் வராது. ஒரு தவணையைப் பார்த்துவிட்டு "குறைத்துத் தந்துவிட்டார்கள்" என்று மனு எழுதும் முன், மற்றப் பங்கு வர வேண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பேச்சிப்பாறை, கடையால் பகுதிக் காணிக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள் சாதிச் சான்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது அவசியம். பழங்குடிச் சான்று கோட்டாட்சியர் விசாரணைக்குப் பிறகே கிடைக்கும், சட்டென்று வராது.

மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்கள் மத்திய அரசின் பட்டியலில் இல்லை. அவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தன் நிதியிலிருந்து தருகிறது. ஆகவே மத்தியப் பங்கு என்ற பேச்சே அவர்களுக்குக் கிடையாது. சான்றிதழில் உள்ள வகுப்பும் மதமும் யூமிஸில் பதிந்த வகுப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தவறான தலைப்பில் பதிவானால் விண்ணப்பம் வேறு துறைக்குப் போய்த் தூங்கும்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்புக்கு வருமான நிபந்தனை இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு 2.5 லட்சம் வரம்பு. இதில் ஒரு நுணுக்கம். நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யூர் பக்கமெல்லாம் ஒரே வளாகத்தில் எய்டட் பிரிவும் சுயநிதிப் பிரிவும் நடக்கின்றன. "என் காலேஜ் எய்டட்தானே" என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பாடப்பிரிவு எது என்பதை ஃபீஸ் ரசீதில் பாருங்கள்.

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் சென்ட்ரல் செக்டார் உதவித்தொகை உண்டு. அந்தந்தக் கல்வி வாரியத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 20 சதவீத நிலைக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000, முதுகலைக்கு 20,000 ரூபாய். ஆண்டுதோறும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் தேவை. இதை வாங்கிக்கொண்டு போஸ்ட் மெட்ரிக் போன்ற இன்னொன்றையும் வாங்க முடியாது. எது அதிகம் என்று கணக்குப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பெற்றோர் மீனவர் நல வாரியத்திலோ கட்டுமானம் போன்ற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்களிலோ உறுப்பினராக இருந்தால் அங்கேயும் கல்வி உதவி உண்டு. உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்பட்டு இருக்க வேண்டும். ரப்பர் பால்வெட்டுக்கும் முந்திரி ஆலைக்கும் போகிற குடும்பங்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகின்றன.

சான்றுகளும் பெயரும்

வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் தாண்டித் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வருவதால் கல்லூரி அறிவிப்புப் போட்ட பிறகு ஓடினால் கூட்டத்தில் சிக்குவீர்கள். ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அந்த வருமானத்தையும் சொல்ல வேண்டும்; மறைத்து வாங்கிய சான்று பின்னால் விசாரணையில் மாட்டினால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

பெயர் விஷயத்தில் நம் ஊர் வழக்கமே வில்லங்கம். பத்தாம் வகுப்புச் சான்றில் 'அனிஷா ஜெ. எஸ்.' என்று இரண்டு இனிஷியல் பின்னால் நிற்கும். ஆதாரில் 'ஜெ. அனிஷா'. பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக விரிந்து 'அனிஷா ஜெயராஜ்'. ஆள் ஒன்றுதான் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்தில் ஒரு 'ஹெச்' கூடினாலும் பொருத்தம் குறைந்துவிடும். சரி செய்யும்போது பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றி, பிறகு வங்கியில் ஆதாருக்கு ஏற்ப மாற்றுங்கள். தலைகீழாகப் போனால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதால் எழுத்தைச் சரிபார்த்து, ஒப்புகைச் சீட்டில் இன்னொரு முறை வாசித்த பிறகே மையத்தை விட்டுக் கிளம்புங்கள்.

விண்ணப்பித்த பின்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் யூமிஸ் எண் உண்டு. மாநில உதவித்தொகைகள் அந்த எண்ணை வைத்துத்தான் நகர்கின்றன. கல்லூரியில் யூமிஸ் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார்; பாடப்பிரிவு, ஆண்டு, விடுதியா வீடா, வகுப்பு, கட்டண விவரம் எல்லாம் அவர் பதிவதுதான். வீட்டிலிருந்து வருகிறவர் என்று தவறாகப் பதிந்துவிட்டால் விடுதி மாணவருக்குக் குறைந்த படிதான் வரும். அவரிடம் "என் பதிவை ஒருமுறை காட்டுங்க சார்" என்று கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. முதலாம் ஆண்டு பெற்றவர்கள் இரண்டாம் ஆண்டு தானாக வரும் என்று இருந்துவிடுவதும் வழக்கம். புதுப்பித்தல் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் முதலில் முகம் காட்டி ஒருமுறைப் பதிவு எண் வாங்க வேண்டும். படிப்பு முடியும் வரை அதே எண்தான். விண்ணப்பித்த பின் நிலையை அடிக்கடி பாருங்கள். 'டிஃபெக்டிவ்' என்று வந்தால் நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. குறையைத் திருத்தி மீண்டும் அனுப்பச் சொல்கிறார்கள், அதற்கும் கடைசித் தேதி உண்டு. பணம் அனுப்பப்பட்டதா என்பதை மத்திய அரசின் பணப் பட்டுவாடாவைக் காட்டும் பிஎஃப்எம்எஸ் தளத்தில் விண்ணப்ப எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

பாஸ்புக்கில் தேடும்போது 'ஸ்காலர்ஷிப்' என்ற சொல்லைத் தேடாதீர்கள். ஏபிபி, ஏபிபிஎஸ், ஏசிஹெச், நாச், டிபிடி என்று வங்கிக்கு வங்கி ஒரு சுருக்கம் இருக்கும். அதன் பக்கத்து எண்ணோடு தேதியையும் தொகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் திரும்பிப் போயிருந்தால் துறையிடம் காரணம் இருக்கும். கல்லூரிப் பொறுப்பாளரிடம் தோல்வியுற்றவர் பட்டியலைக் கேளுங்கள். 'ஆதார் மேப் ஆகவில்லை' என்றால் மேப்பிங். 'கணக்கு முடிக்கப்பட்டது', 'செயலற்றது' என்றால் வங்கிக் கிளை. சரி செய்துவிட்டேன் என்று பொறுப்பாளரிடம் திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வங்கியில் சரியான உடனே பணம் தானாக வராது, துறை மறுபடி அனுப்ப வேண்டும். மார்ச் 31 நிதியாண்டு முடிவு என்பதால் பிப்ரவரிக்குள் இதை முடிப்பது நல்லது.

கல்லூரியில் வழி பிறக்காவிட்டால் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். யூமிஸ் எண், சீடிங் நிலையின் அச்சு, பாஸ்புக் முதல் பக்கம், கடைசி ஆறு மாதப் பதிவு, விண்ணப்ப நகல் இணைத்திருந்தால் மனு சீக்கிரம் நகரும். முதல்வரின் உதவி மைய எண் 1100, ஆதாருக்கு 1947. வங்கியில் எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் புகார் தளத்தில் பதியலாம். அதன் உதவி எண் 14448.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு

களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் படிக்கப் போகிற பிள்ளைகளும், அங்கிருந்து இங்கே வருகிறவர்களும் ஒரு விதியை நினைவில் வைக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் போஸ்ட் மெட்ரிக் உதவியைத் தருவது மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம். படிக்கும் மாநிலம் இல்லை. கேரள மாணவர் இங்கே படித்தாலும் அவருக்கு வழி கேரள அரசின் உதவித்தொகைத் தளமான இ-கிராண்ட்ஸ். தமிழ்நாட்டு மாணவர் அங்கே படித்தால் யூமிஸ் அங்கே கிடையாது என்பதால் மாவட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல அலுவலகத்தில் நேரடியாகக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேரளத்தின் அக்ஷயா சேவை மையத்தில் தமிழ்நாட்டு வருமானச் சான்று கிடைக்காது. நம் தாலுகாவுக்குத்தான் வர வேண்டும்.

பைசா கேறிய பிறகு

போஸ்ட் மெட்ரிக்கில் கல்விக் கட்டணப் பகுதியும் மாணவர் கணக்குக்கே வரும். அது கல்லூரிக்குச் சேர வேண்டிய பணம். வந்ததும் கட்டி ரசீது வாங்குங்கள். செலவழித்துவிட்டால் மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நேரத்தில் இழுபறி வரும். ஏற்கெனவே கைக்காசில் கட்டியிருந்தால் அந்த ரசீதைக் காட்டி, எவ்வளவு உங்களுடையது என்று அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தவணை வரும் காலத்தில் "உங்கள் ஸ்காலர்ஷிப் நிற்கிறது, ஓடிபி சொல்லுங்கள்", "க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்கள்" என்று அழைப்புகளும் வரும். பணம் பெறுவதற்கு ஓடிபியோ யுபிஐ பின்னோ தேவையே இல்லை. சொல்லிவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்து, அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தி வையுங்கள். பிறகு கணக்கைத் திரும்பத் திறக்கச் சொல்ல மறக்காதீர்கள். நிறுத்தியே விட்டால் அடுத்த தவணையும் திரும்பிப் போய்விடும்.